தோப்பில் படம் எடுக்க தனி ஃப்ளாஷ்
பொள்ளாச்சித் தோப்பில் சாயங்காலம் கல்யாணப் படம் எடுத்தால் முகம் இருண்டுவிடும், இல்லையென்றால் வானம் வெளுத்துவிடும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, டிரிக்கர் (தூரத்திலிருந்தே ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவி) போட்டு, ஆளுக்குப் பக்கவாட்டில் தலைக்குச் சற்று மேலே வையுங்கள். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல், பின்னால் ஆனைமலையும் வானமும் நன்றாக வரும்படி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, சரிசெய்யுங்கள். ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட வேகமாகப் போக வேண்டாம். தாண்டினால் பல கேமராக்களில் கறுப்புப் பட்டை விழும். அப்புறம் ஃப்ளாஷை 1/8 பவரில் (முழு சக்தியில் எட்டில் ஒரு பங்கு) தொடங்கி, முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

எனக்குப் பிடித்த வேலை இது: ஃப்ளாஷில் ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) டங்ஸ்டனில், அதாவது மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கான அமைப்பில், வைத்தால், முகம் இயல்பாக இருக்க, வானம் மட்டும் கருநீலமாகிவிடும்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க மாட்டும் குடையைச் சாய்த்துவிடும். ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டுங்கள், இல்லை கூட வந்த மாப்பிள்ளைத் தோழனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.