‘எம்.ஆர்.ஐ. நார்மல்’ என்ற பிறகும் வலிப்பு நிற்கவில்லையா? மூளைப் படத்தில் பழுதைத் தேடும்போது நடக்கும் தவறுகள்

பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து, உரிய அளவில் கொடுத்துப் பார்த்த 2 மருந்துகளாலும் வலிப்பு அடங்கவில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்பு லீக் 2010-இல் வரையறுத்தது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில்தான் இருக்கிறார். மூன்றாவது, நான்காவது மருந்து கைகொடுக்கும் வாய்ப்பு குறைவு. அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் இது. வலிப்பைக் கிளப்பும் பழுது படத்திலோ திசுப் பரிசோதனையிலோ தெரிந்தவர்களுக்கு, அறுவைக்குப் பின் வலிப்பு முற்றிலும் நிற்கும் வாய்ப்பு, தெரியாதவர்களைவிடக் கணிசமாக அதிகம் என்று 2010-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

ஆகவே ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லோடு ஃபைலை மூடுவது பெரிய முடிவு. அந்தச் சொல்லுக்கு உண்மையில் இவ்வளவுதான் அர்த்தம்: அந்த முறையில் எடுத்த அந்தப் படத்தில், பார்த்தவர் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

வழக்கமான ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வது

தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் எடுக்கும் சாதாரண மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு வெட்டும் 5 மி.மீ. அளவு தடிமனாக இருக்கும். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் இருக்கும். மூளைப் புறணியின் மடிப்புப் பள்ளத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா (புறணியின் ஒரு பகுதி பிறவியிலேயே சரியாக உருவாகாத பழுது) சில நேரம் 1 செ.மீ.கூட இருக்காது. தடிமனான வெட்டில் சாம்பல் பொருளும் வெண் பொருளும் ஒரே புள்ளியில் கலந்து பதிவாகிவிடுவதால், பழுது அந்தக் கலவையில் கரைந்துபோகும். மெஷின் 3 டெஸ்லாவாக (டெஸ்லா என்பது காந்தத்தின் வலு அளவு) இருந்தாலும் தடிமனான வெட்டில் எடுத்தால் இதே கதைதான்.

வலிப்புக்கென்றே 2019-இல் மேற்படி லீக்கின் பணிக்குழு பரிந்துரைத்த ‘ஹார்னெஸ்’ முறையில் அடிப்படையாக மூன்று வரிசைகள் உண்டு. டி1, டி2, ஃப்ளேர் என்பவை ஒரே மூளையை வெவ்வேறு வெளிச்ச வேறுபாட்டில் காட்டும் பட வகைகள். முதலாவது, 1 மி.மீ. கனசதுரமாக, இடைவெளியின்றி எடுக்கும் 3டி டி1. இரண்டாவது, அதே அளவில் 3டி ஃப்ளேர். மூன்றாவது, ஹிப்போகேம்பஸின் (நினைவோடு தொடர்புடைய மூளையின் உட்பகுதி) நீள அச்சுக்குச் செங்குத்தாக, முகத்துக்கு இணையான தளத்தை ஒட்டி வெட்டும் கரோனல் டி2. இதில் தளத்துக்குள் நுணுக்கம் 0.4 × 0.4 மி.மீ., தடிமன் 2 மி.மீ. மூன்றும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 3 டெஸ்லா கிடைக்காத இடத்தில் 1.5 டெஸ்லாவிலும் இதே முறையில் எடுக்கலாம். வெறும் ‘மூளை ஸ்கேன்’ எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கரோனல் டி2-வின் கோணத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் ஹிப்போகேம்பஸின் தலைப்பகுதியும் மறுபக்கம் உடல்பகுதியும் ஒரே படத்தில் வந்து நிற்கும். ஒன்று சிறுத்துப்போனதுபோல் தோன்றும். உண்மையில் சுருங்கியே இருக்காது. சாய்வை டெக்னீஷியன் அங்கேயே சரிசெய்துவிட வேண்டும். பின்னால் கம்ப்யூட்டரில் திருத்தலாம் என்பது 3டி படங்களுக்குத்தான் பொருந்தும், 2 மி.மீ. தடிமனான டி2-வைத் திருப்பினால் நுணுக்கம் போய்விடும்.

அசைவு இன்னொரு தொல்லை. 3டி வரிசையில் நடுவே ஒருமுறை தலையை அசைத்தாலும் முழுப் படத்திலும் மங்கல் ஏறும். சாம்பல்-வெண் எல்லை மங்குவது டிஸ்பிளேசியாவின் முக்கிய அடையாளம் என்பதால், அசைவானது, இல்லாத பழுதையும் காட்டும், இருக்கும் பழுதையும் மறைக்கும். மங்கலான வரிசையை அப்போதே மறுபடி எடுக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் மயக்க மருந்தோடு திட்டமிடுவதே சரி. பல் கிளிப் போட்டிருப்பவர்களுக்கு முன்மடலின் (நெற்றிப் பக்கத்து மூளைப் பகுதி) அடிப்பகுதியும் பக்கமடலின் (காதுப் பக்கத்துப் பகுதி) முனையும் கோணலாகிவிடலாம்; கழற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. வலிப்பைக் குறைக்க உடலுக்குள் வைக்கும் வேகஸ் நரம்புத் தூண்டிக் கருவியைப் பொருத்தும் திட்டம் இருந்தால், பொருத்துவதற்கு முன்பே இந்த முழு ஸ்கேனையும் முடித்துவிட வேண்டும். பொருத்திய பிறகு எந்த மெஷின், எந்த காயில் என்று கட்டுப்பாடுகள் வந்துவிடும்.

‘வலிப்பு’ என்று மட்டும் எழுதிய சீட்டு

ரேடியாலஜிஸ்ட் கைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் ‘வலிப்பு – மூளை எம்.ஆர்.ஐ.’ என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மடிப்புகளில் எதைப் பார்ப்பது? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வயது 24. வலிப்பு தொடங்கியது 9 வயதில். தூக்கத்தில் மட்டும், இடது கை விறைத்து மேலே போகும், 20 விநாடிக்குள் முடியும், நினைவு தப்பாது. ஈ.ஈ.ஜி.யில் (மூளை மின்பதிவு) வலது முன்மடல், நடுக்கோட்டை ஒட்டி. 3 மருந்துகளுக்கு அடங்கவில்லை.’

இந்தச் சீட்டைப் படித்தவர் வலது முன்மடலின் உட்பக்கத்துக்கு நேரே போவார். ஒவ்வொரு மடிப்புப் பள்ளத்தின் அடியையும் மூன்று தளங்களிலும் நகர்த்திப் பார்ப்பார். எதிர்ப்பக்கத்தில் அதே பள்ளத்தோடு ஒப்பிடுவார். புறணி அங்கே மட்டும் தடித்திருக்கிறதா? டி1-இல் எல்லை மங்குகிறதா? ஃப்ளேரில் லேசான வெண்மை தெரிகிறதா? அந்த வெண்மை புனல்போல் குறுகி மூளைக்குள் இருக்கும் நீர் அறையை நோக்கி ஒரு கீற்றாக இறங்கினால், அது டிரான்ஸ்மேன்டில் அடையாளம். இரண்டாம் வகை டிஸ்பிளேசியா, குறிப்பாக 2பி, என்ற சந்தேகம் வலுக்கும்.

மற்ற அறிகுறிகளுக்கும் இப்படித்தான் திசை உண்டு. காரணமின்றிச் சிரிப்பாகத் தொடங்கும் வலிப்பு என்றால் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் ஹமர்டோமா (பிறவித் திசுக் கட்டி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வருவதுபோன்ற உணர்வு வந்து, பிறகு வாய் மெல்லத் தொடங்கினால் பக்கமடலின் உட்புறம்.

எடுக்கும் முறையும் பார்ப்பவரின் கண்ணும் எவ்வளவு முக்கியம் என்பதை, ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 2002-இல் வெளியான ஆய்வு எண்ணாகவே காட்டியது. வழக்கமான ஸ்கேனை வலிப்புத் துறையில் தனிப் பயிற்சி இல்லாதவர்கள் படித்தபோது பழுதுகளில் 39 சதவீதமே பிடிபட்டன. அதே மாதிரி ஸ்கேனை நிபுணர்கள் படித்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே எடுத்த ஸ்கேனை நிபுணர்கள் படித்தபோது 91 சதவீதம்.

ஃபிலிமைப் பார்த்து முடிவு சொல்லக் கேட்பதும் தவறு. அச்சிட்ட படத்தில் தளத்தைத் திருப்ப முடியாது, வெளிச்ச வேறுபாட்டை மாற்ற முடியாது. ஸ்கேனின் மூல டிஜிட்டல் கோப்புகளான டைகாம் கோப்புகள் உள்ள குறுந்தகட்டையோ பென் டிரைவையோதான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டதையே குற்றவாளி ஆக்குவது

தவறவிடுவதைவிட ஆபத்தான தவறு இது. அரக்னாய்டு நீர்க்கட்டி, பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்த சிரை, சரியாகச் சுருளாத ஹிப்போகேம்பஸ் ஆகியவை வலிப்பே இல்லாதவர்களிடமும் காணப்படுபவை. வலிப்பின் அறிகுறியும் ஈ.ஈ.ஜி.யும் அந்த இடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அவற்றின் மேல் பழியைப் போடக் கூடாது.

ஃப்ளேரில் ஹிப்போகேம்பஸ் லேசாக வெளிறித் தெரிவது, அதிலும் 3 டெஸ்லாவில், இயல்பாகவே நடக்கும். ஸ்கிளிரோசிஸ் (ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பாவது) என்று எழுதும் முன் அளவு சுருங்கியிருக்கிறதா, டி2-இல் உள்ளடுக்குகள் அழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடும் வலிப்பு வந்து சில நாட்களுக்குள் எடுத்த ஸ்கேனில் ஹிப்போகேம்பஸ் வீங்கியும் வெளுத்தும் இருக்கலாம். அது வலிப்பின் விளைவாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும்.

ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்துவதும் வழக்கம். ஹிப்போகேம்பஸ் ஸ்கிளிரோசிஸோடு அதே பக்கத்தில் வேறொரு பழுதும் சேர்ந்திருப்பது அரிதல்ல. பக்கமடல் வலிப்பில் பலரும் எட்டிப் பார்க்காத மூலை ஒன்று உண்டு: பக்கமடலின் முன்முனை. மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள சிறு ஓட்டை வழியே மூளைத் திசு பிதுங்கியிருக்கலாம். இதற்கு மெல்லிய வெட்டு டி2-வும், எலும்பைப் பார்க்க சி.டி. ஸ்கேனும் வேண்டும். எம்.ஆர்.ஐ. இருக்க சி.டி. எதற்கு என்று தள்ளிவிடுவதற்கில்லாத சில இடங்களில் இதுவும் ஒன்று.

குழந்தையின் வயதை மறப்பது

பிறந்து 2 வயது வரை நரம்பு இழைகளின் மேல் மயலின் உறை ஏறிக்கொண்டே இருக்கிறது. சுமார் 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை சாம்பல்-வெண் வேறுபாடு மங்கியே தெரியும். டிஸ்பிளேசியா அதற்குள் மறைந்துவிடும். 5 மாதத்தில் தெரிந்த பழுது ஒரு வயதில் ‘காணாமல்’ போய், பிறகு மீண்டும் தெரிவதும் உண்டு. ஆகவே பழைய ஸ்கேனைத் தூக்கிப்போடக் கூடாது. பழுது தெரியாத குழந்தைக்கு, பொதுவாக 24 முதல் 30 மாத வயதில் மறுபடி எடுக்க வேண்டும்.

பெட், ஸ்பெக்ட்: நேரம் தப்பினால் பக்கமே மாறும்

மூளை எவ்வளவு குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்று காட்டுவது குளுக்கோஸ் பெட் ஸ்கேன். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் இதில் பழுதுள்ள பகுதி மங்கலாகத் தெரியும். ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து மூளையில் ஏறும் சுமார் அரை மணி நேரத்துக்குள் வெளியே தெரியாத வலிப்பு ஒன்று ஓடினால், அதே இடம் பளிச்சென்று தெரியும். மறுபக்கம்தான் மங்கலாகிவிட்டது என்று தப்பாகப் படிக்க இடமாகிவிடும். அந்த நேரத்தில் ஈ.ஈ.ஜி. ஓடவில்லை என்றால் கண்டுபிடிக்க வழியில்லை. மங்கலான பரப்பு பெரும்பாலும் உண்மையான பழுதைவிட அகன்றது. அதை அறுக்க வேண்டிய எல்லையாக எடுத்துக்கொள்ளாமல், எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்தி, அந்தப் பகுதியின் மடிப்புகளை மறுபடி துருவ வேண்டும்.

வலிப்பு நேரத்து ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்டில் எல்லாம் விநாடிக் கணக்கு. வலிப்பு தொடங்கிய உடனேயே கதிரியக்க மருந்தை ஏற்ற வேண்டும். தாமதித்தால் தொடங்கிய இடத்தைவிடப் பரவிய இடமே பளிச்சிடும். 20 விநாடியில் முடியும் முன்மடல் வலிப்புகளில் இது பெரும்பாடு. ஏற்றிய நேரத்தைக் குறிக்காத ஸ்பெக்ட் அறிக்கையை நம்பி முடிவெடுக்க முடியாது. வலிப்பில்லாத நேரத்துப் படத்தையும் எடுத்துக் கழித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் துலங்கும்.

கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே ஏற்பது, அல்லது ஒதுக்குவது

டி1 படத்தில் புறணியின் தடிமனையும் எல்லை மங்கலையும் அளந்து, சந்தேக இடத்தை வண்ணமிட்டுக் காட்டும் மென்பொருள்கள் இப்போது உண்டு. 2025-இல் வெளியான ‘மெல்டு கிராஃப்’ ஆய்வில், ரேடியாலஜிஸ்டுகள் முன்பு தவறவிட்ட பழுதுகளில் 64 சதவீதத்தை அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி கண்டுபிடித்தது. அதே கருவிகள் ஆரோக்கியமான மடிப்புகளையும் சுட்டிக்காட்டுகின்றன. வண்ணம் விழுந்த இடத்தை மூல ஃப்ளேரிலும் டி2-விலும் கண்ணால் மறுபடி பார்த்து, ஈ.ஈ.ஜி.யோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே அதற்கு மதிப்பு. 5 மி.மீ. வெட்டுப் படத்தை உள்ளே போட்டு விடை எதிர்பார்ப்பது வீண்வேலை. 7 டெஸ்லா மெஷினும் சிலருக்குப் புதிதாகக் காட்டிக்கொடுக்கிறது; ஆனால் பக்கமடலின் அடிப்பகுதியில் அதன் சிக்னல் தேய்ந்துபோவது பழைய பிரச்சினை.

இவ்வளவுக்குப் பிறகும் படத்தில் ஒன்றும் சிக்காவிட்டால் கதவு மூடிவிடவில்லை. மூளைக்குள் மின்முனைகளைச் செருகிப் பதியும் ஸ்டீரியோ ஈ.ஈ.ஜி. இருக்கிறது. ஆனால் அது மின்முனை போய் நிற்கும் சில மில்லிமீட்டர் சுற்றளவில்தான் கேட்கும். அதனால் முதலில் வீடியோ ஈ.ஈ.ஜி.யையும் பெட் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய எம்.ஆர்.ஐ.யை மறுவாசிப்பு செய்து, ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லக்கூடிய இடங்களையும் குறித்துத் தர வேண்டும். மின்முனைகளின் பாதை அந்தக் குறிகளை வைத்துத்தான் வரையப்படும்.