ஒரு பிடிஎஃப்பைக் காதால் கேட்க வையுங்கள்

பேராசிரியர்களிடம் அணுகல்தன்மை (பார்வைக் குறைபாடு போன்றவை உள்ள மாணவர்களும் பாடத்தைப் பயன்படுத்த முடிவது) பற்றிப் பொதுவாகப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதில் துறைக் கூட்டத்தில் 10 நிமிடம் கேட்டு வாங்கி, யாராவது ஒருவர் சம்மதத்தோடு கொடுக்கும் பாடக்குறிப்பை, முக்கியமாக ஓசிஆர் செய்யாத (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிக்கும் உரையாக மாற்றாத) ஸ்கேன் பிடிஎஃப்பை, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் திறந்து காட்டுங்கள் (இலவச மென்பொருள்தான்). பக்கம் முழுக்க வெறும் படம் என்பதால் பாடத்தில் ஒரு வரிகூட காதில் விழாது. அந்த மௌனம் எந்தச் சுற்றறிக்கையையும்விட ஆழமாகப் பதியும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். இந்தப் பருவத்துக்கு ஒரே பழக்கம் போதும்: வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்குவதோடு விடாமல் ஹெடிங் ஸ்டைல் கொடுப்பது. அப்போதுதான் திரைவாசிப்பானுக்கு அது தலைப்பு என்று தெரியும். படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரிப்பு), வீடியோவுக்கு வசன வரி எல்லாம் அடுத்த பருவத்தில். "மாணவர் கேட்டால் செய்யலாமே" என்பார்கள். கேட்கத் தயங்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.