கறுப்பின ஹாரர் படங்களை எந்த வரிசைல பாக்கலாம்

பெங்களூரு அல்சூர்ல சனிக்கிழமை நைட்டு ரூம்ல கூடி படம் பாக்குற நம்ம பசங்களுக்கு சொல்றேன், முதல்ல 1968ல வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் போடுங்க, டைரக்டர் வெள்ளைக்காரர்தான் ஆனா ஹீரோ டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், முடிவை மட்டும் யாரும் முன்னாடியே சொல்லிடாதீங்க.

அடுத்தது ஜோர்டன் பீலோட கெட் அவுட், 2017. லைட்ட அணைச்சிட்டு ஸ்பீக்கர்ல கேளுங்க, ஹீரோவோட காதலியோட அம்மா டீ கப்புல ஸ்பூன நிதானமா சுத்த சுத்த ஹீரோ டேனியல் கலூயா கண்ணுல தண்ணி கொட்டும், உடம்பு அசையாது. நான் வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சப்போ சிரிச்சுக்கிட்டே நம்ம ஊரு, சாதியெல்லாம் விசாரிச்சவங்க ஞாபகம் வந்துச்சு, அந்த சிரிப்புதான்டா இதுல பேய்.

அப்புறம் அதே பீலோட அஸ் (Us), லுப்பிடா நியோங்கோவுக்கு டபுள் ரோல், குரல் மாத்தி பேசுறத கவனிங்க, டப்பிங் வேணாம், சப்டைட்டில் போதும். கடைசியா ரெமி வீக்ஸோட ஹிஸ் ஹவுஸ், 2020.