தண்டா, பேட்டையா? பெங்களூரில் பூட்டனைத் தேடும் வழி

பூட்டனைப் பற்றிய பதிவு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது தெருப் பெயரைத்தான். வீடு தண்டில், அதாவது பட்டாளத்துக்கென்று வந்த கன்டோன்மென்ட் பகுதியில் இருந்ததா, பேட்டையில், அதாவது பழைய நகரத்தில் இருந்ததா? 1881 முதல் 1947 ஜூலை வரை தண்டுப் பகுதி பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கையில், பேட்டை மைசூர் மகாராஜாவின் கையில். ஆட்சி வேறு, காகிதமும் வேறு. 1949-ல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் என்றால் தண்டு. சிக்பேட்டை, காட்டன்பேட்டை என்றால் பேட்டை. சிவாஜிநகரைப் பெரியவர்கள் பிளாக்பள்ளி என்பார்கள். பழைய தாள்களில் அந்தப் பெயரிலும் தேட வேண்டும்.

கிளம்புமுன் வீட்டுப் பீரோவைக் குடையுங்கள். பள்ளி டிசி, பென்ஷன் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேல் பழைய கல்யாணப் பத்திரிகை. ‘இன்னார் பௌத்திரனும் இன்னார் புத்திரனுமான’ என்று ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும், பெரும்பாலும் சொந்த ஊரோடு.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு மாநகராட்சியில் கேளுங்கள். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காமல் போகலாம். பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள். ‘ஆண்’, அப்பா பெயர், தெரு, அவ்வளவுதான். அதனால் தகப்பன் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் சில வருஷம் சேர்த்து மனுவில் எழுதுங்கள். முனுசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. கிடைக்கவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்று சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வேறு அலுவலகத்தில் உதவும்.

என்னைக் கேட்டால், பிறப்புப் பதிவைவிட வீட்டுப் பத்திரம்தான் அதிகம் பேசும். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டால் பட்டியல் மட்டும்தான் வரும், அதோடு திரும்பிவிடாதீர்கள். அதிலுள்ள பத்திர எண்ணையும் வருஷத்தையும் கொடுத்து, பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள். விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார், சாட்சிகள், நாலா பக்கத்து எல்லை எல்லாம் அதில் இருக்கும். எங்கள் அல்சூர் வீட்டுப் பத்திரத்தில் வடக்கெல்லைக்காரராக வந்தவர் கொள்ளுப்பாட்டியின் தம்பி! அப்படி ஒருவர் இருந்ததே அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், மச்சானும் மாமனும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் முதலில் பங்குக் கோயிலுக்குப் போங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், பெயர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், அநேகமாக அவர்கள் சொந்தக்காரர்கள்.

அரசு ஆவணக் காப்பகம் கடைசிப் படி. மைசூர் அரசின் கோப்புகளுக்குக் கர்நாடக ஆவணக் காப்பகம். ரெசிடெண்ட் அலுவலகக் கோப்புகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். டெல்லிக்கு ரயில் ஏறும் முன் அவர்களுடைய ‘அபிலேக் படல்’ தளத்தில் தேடிப் பாருங்கள். சாதாரணக் கூலிக்காரர் பெயர் அங்கே அகப்படுவது அபூர்வம். பட்டாளத்திலோ சர்க்கார் உத்தியோகத்திலோ இருந்திருந்தால் முயலலாம்.

இன்னொன்று, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இங்கே அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. கவுண்டரில் கன்னடத்திலேயே ஆரம்பியுங்கள். ‘ஹளே ரிஜிஸ்டர் நோட பேக்கு சார்’ (பழைய ரிஜிஸ்டர் பார்க்க வேண்டும் சார்) என்றாலே போதும், பாதி நேரம் பதில் தமிழில் வரும்.