பீரோவுக்குப் பின்னால் பூத்த பூசணம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் பீரோவை நகர்த்திப் பாருங்கள். கும்பகோணமோ மயிலாடுதுறையோ நாகையோ, பல அடுக்குமாடி வீடுகளில் பின்சுவர் கரும்பச்சைப் புள்ளியாகக் கிடக்கும். உடனே பெயின்ட் டப்பாவைத் தேட வேண்டாம். சுவருக்குள் ஓதம், அதாவது ஊறிய ஈரம், இருக்கும்வரை பூசணம் பெயின்டைப் பொத்துக்கொண்டு மறுபடி வரும்.

முதலில், பூசணம்தானா? வெள்ளையாகப் பூத்து, நகம் பட்டால் பொடியாக உதிர்ந்து, தண்ணீரில் கரைந்தால் அது சுவர் உப்பு, தரைத்தளத்தில் சகஜம். பூசணம் கரையாது, தேய்த்தால் ஈஷிக்கொள்ளும், வாடையும் அடிக்கும்.

அடுத்து ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் காரணம் வீட்டுக்குள்ளேயே: கொடியில் காயும் துணி, இட்லிப் பானை ஆவி, ஜன்னல் திறக்காத பாத்ரூம். சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடில் தேங்கும் நீர், மேல்வீட்டு பாத்ரூம் மூன்றையும் பாருங்கள். மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுவிட்டு, இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் புழங்க வேண்டாம் என்று கேளுங்கள். அப்போதும் கறை கோட்டைத் தாண்டினால், டேங்கிலிருந்து இறங்கும் குழாயோ வெளிச்சுவரோதான்.

மூன்றடிக்கு மூன்றடி வரை நீங்களே சுத்தம் செய்யலாம். அதற்கு மேலோ, சாக்கடை நீர் பட்ட இடமோ என்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை அன்றைக்கு அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

ஃபேனை நிறுத்தி, அறைக்கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறங்கள். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி வேண்டும். துடைப்பத்தால் தட்டினால் பூசண வித்து வீடெங்கும் பறக்கும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து தெளித்து, நனைந்த பிறகே நைலான் பிரஷால் தேயுங்கள். துடைக்கும் துணியை வேறு வாளியில் அலசுங்கள். பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி புடைத்திருந்தால் அதையும் நனைத்தே சுரண்டி எடுக்க வேண்டும். முடிந்ததும் ஃபேன் ஓடட்டும்.

பிளீச் டைல்ஸுக்கு மட்டும்: 1 லிட்டர் நீரில் 60 மி.லி., 10 நிமிடம், பிறகு கழுவல். பூச்சுச் சுவரில் அது நிறத்தைத்தான் வெளுக்கும். கூடவே சேர்கிற நீர் உள்ளே இறங்கிப் பூசணத்துக்கே உதவும். பாத்ரூம் ஆசிட், வினிகர் எதுவும் பிளீச்சோடு சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரும் ஆகாது.

பூசணம் ஏறிய இலவம்பஞ்சு மெத்தை, ஜிப்சம் சீலிங் துண்டு தேறாது. பையில் கட்டி எறியுங்கள். திருபுவனம் பட்டில் பிளீச் படவே கூடாது. வெளியே நிழலில் விரித்து, மாஸ்க்கோடு மென்பிரஷால் தட்டி ஆறவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் ஈரத்துணி வைத்தால் அடியிலுள்ள சுண்ணமும் கோந்தும் இளகிவிடும். அதை வெளிச்சுவரில் மாட்டாமல் இருப்பதே மேல்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும்; வெயில் எட்டிப் பார்க்கும் மதியத்தில் திறங்கள். ஓதமேறிய சுவர் காய வாரக்கணக்காகும். தையில் அதே பாலித்தீனை மறுபடி ஒட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் வியர்க்காவிட்டால் பெயின்டரைக் கூப்பிடலாம்.