வெங்காயத்தாள் இரண்டு நாளில் அழுகுவது ஏன்?

மொரிஷியஸ் சந்தைகளில் கீரைக்கும் வெங்காயத்தாளுக்கும் வாட்டம் தெரியாமலிருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரமான கட்டினை ரப்பர் வளையத்தோடு அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வளையம் இறுக்கிய இடத்தில் தாள் நசுங்கும். தாள்கள் கிளைக்கும் இடுக்கில் தண்ணீர் தேங்கும். அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இவை இரண்டும் போதும். ஒரு தாள் கொழகொழத்தால் அடுத்தடுத்த தாள்களுக்கும் அது பரவும்.

வீட்டுக்கு வந்ததும் வளையத்தைக் கழற்றுங்கள். மஞ்சளித்ததையும் நசுங்கியதையும் நீக்கிவிட்டு, மற்றவற்றை ஒரு துணியில் பரப்பிச் சிறிது நேரம் ஈரம் உலர விடுங்கள். வேரை வெட்ட வேண்டாம். பிறகு காகிதத் துவாலையில் தளர்வாகச் சுற்றி, வாய் முழுவதும் மூடாத பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள். சுற்றிய காகிதம் நனைந்தால் மாற்றுங்கள். இப்படி வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். பைக்குள் போடாமல் வெறுமனே வைத்தால் நுனி காய்ந்துவிடும். அதன் வாடை வெண்ணெயிலும் ஏறும்.

கண்ணாடிக் குவளையில் வேர் மட்டும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைப்பது நல்ல வழிதான். ஆனால் ஊருக்கு ஊர் அது மாறும். மேட்டு நிலத்துக் கியூர்பிப்பில் குளிர் மாதங்களில் சமையலறை மேடையிலேயே வைக்கலாம். ஜனவரியில் போர்ட் லூயியின் புழுக்கத்தில் தண்ணீர் விரைவில் கலங்கி நாறும். தினமும் மாற்ற முடியாதவர்கள் குவளையைக் குளிர்பெட்டிக்குள் வைப்பதே மேல். வெள்ளைத் தண்டு முழுவதும் மூழ்கும்படி ஊற்றுவது தவறு, அடி அழுகிவிடும். அறை வெப்பத்தில் படுக்க வைத்தாலோ நுனி மேல்நோக்கி வளைந்துவிடும்.

வாங்கியவுடன் கழுவி வைத்தால் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். வைக்கும்போது கழுவாதீர்கள், சமைக்கும்போது கட்டாயம் கழுவுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மின் ஃப்ரி என்ற வறுத்த நூடுல்ஸ் மேல் நாம் வெங்காயத்தாளைப் பச்சையாகவே தூவுகிறோம். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உணவகத்தில் பரிமாறிய பச்சை வெங்காயத்தாளால் 500க்கும் மேற்பட்டோருக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் தொற்றியது, மூவர் இறந்தார்கள். ஓடும் நீரில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கழுவுவது ஆபத்தைக் குறைக்கும். வயதானவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் வேகவைத்துக் கொடுப்பதே நல்லது.

புயல் வந்து போனால் கீரை வகைகளின் விலை ஏறும். அதற்காக நறுக்கி உறைய வைப்பவர்கள் ஈரத்தோடு டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். அது ஒரே கட்டியாக இறுகிவிடும். நறுக்கியதைத் தட்டில் பரப்பி உறைந்த பின் டப்பாவில் மாற்றுங்கள். கறிக்கும் காத்தோ பிமாங் என்ற மிளகாய் வடை மாவுக்கும் உருக விடாமல் நேரே போடலாம். மேலே தூவுவதற்கு உதவாது, மொறுமொறுப்பு போய்விடும். உறைய வைப்பதால் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சாகாது. ஆகவே இதற்கு மட்டும் முதலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகு நறுக்குங்கள்.