பக்கத்து நிலத்துக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவே: காப்புப் பட்டை அமைப்பது எப்படி?

குடியிருப்பை ஒட்டி ஒரு பட்டறையோ கிடங்கோ கடைவரிசையோ வரும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தை விட்டு அதில் மரமும் செடியும் வேலியும் வைக்கச் சொல்வது நில மண்டல விதிகளின், அதாவது எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் விதிகளின், வழக்கம். அந்தத் துண்டுதான் காப்புப் பட்டை. 'பஃபர்' என்றும் சொல்வார்கள்.

விதிப்புத்தகத்தில் இது அரைப்பக்க அட்டவணையாக இருக்கும். இத்தனை மீட்டர், இத்தனை மரம் என்று எண்ணிக்கையை நிரப்பிக் கொடுத்தால் அனுமதியும் கிடைத்துவிடலாம். ஆனால் எதைத் தடுக்கிறோம் என்று யோசிக்காமல் நட்ட மரங்களுக்குப் பின்னால் லாரி, விளக்கு, ஜெனரேட்டர் என எல்லாம் அப்படியே தெரியும், கேட்கும். விதியையும் நிறைவேற்றி, பட்டையையும் உண்மையில் வேலை செய்ய வைப்பதற்கான வழி இது.

படி 1: அட்டவணையைப் படியுங்கள்

அட்டவணையில் ஒரு பக்கம் உங்கள் பயன்பாடு, மறுபக்கம் பக்கத்து நிலத்தின் பயன்பாடு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பட்டையின் வகை எழுதியிருக்கும். பார்க்க எளிது. சிக்கல் அடிக்குறிப்புகளில் இருக்கிறது.

முதலில், ஒப்பிடுவது மண்டலத்தையா, தற்போது அங்கே நடப்பதையா என்று பாருங்கள். வணிக மண்டலத்துக்குள் பழைய வீடு ஒன்று நிற்கலாம். குடியிருப்பு மண்டலத்தில் வெறும் மனை கிடக்கலாம். விதியின் சொற்களைப் பொறுத்து விடை தலைகீழாகும். அடுத்து, பட்டை அமைப்பது யார் பொறுப்பு? பெரும்பாலும் அதிக ஓசையும் போக்குவரத்தும் உள்ள பயன்பாட்டுக்காரர், அல்லது பின்னால் வருபவர். பக்கத்து நிலத்தில் ஏற்கெனவே பாதிப் பட்டை இருந்தால் மீதியை மட்டும் நீங்கள் அமைத்தால் போதும் என்று சில விதிகள் சொல்லும். கடைசியாக, எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே கட்டாயமாக விட வேண்டிய இடைவெளிக்குள் ('செட்பேக்') பட்டையின் அகலம் அடங்குமா, அதற்கு மேல் தனியாகவா? இந்த ஒரு வரியைத் தவறாகப் படித்தால் கட்டடமே சில மீட்டர் நகர வேண்டிவரும். ஐயம் இருந்தால் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சில இடங்களில் உங்களுக்குத் தேர்வும் உண்டு: அகலமான பட்டையில் குறைவான செடிகள், அல்லது குறுகிய பட்டையில் நெருக்கமான செடிகளோடு மதில். அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் லேன் கெண்டிக் 1980 வாக்கில் பரப்பிய முறை இது. நிலம் இருக்குமானால் அகலமான பட்டையையே எடுங்கள். விட்ட நிலத்தைப் பின்னால் எப்படியும் மேம்படுத்தலாம். விடாத நிலத்தை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

படி 2: நிலத்தை அளந்து, மண்ணுக்குள் இருப்பதையும் குறியுங்கள்

சர்வேயரை வைத்து எல்லைக்கற்களை உறுதிசெய்யுங்கள். பழைய வேலி நிற்கும் இடம்தான் எல்லை என்று நம்பாதீர்கள்.

பிறகு ஒரு வரைபடத்தில் குழாய்கள், புதைவடங்கள், மேலே போகும் மின்கம்பிகள், மழைநீர் ஓடும் திசை, ஏற்கெனவே உள்ள மரங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். பராமரிப்புக்காகப் பிறருக்கு வழியுரிமை உள்ள துண்டில் மரம் நடப் பொதுவாக அனுமதி இராது. அதைத் தெரியாமல் நட்டால் ஒருநாள் குழாயைத் தோண்ட வருபவர்கள் மரத்தையும் சேர்த்து எடுப்பார்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது.

இருக்கும் நல்ல மரங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பல விதிகள் இடம் தருகின்றன. ஆனால் கட்டுமானத்தின்போது அதன் வேர் பிழைக்க வேண்டும். அடிமரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வண்டியோ மண்குவியலோ வராமல் தற்காலிக வேலி போடுவது நிலைபெற்ற வழக்கம். 30 செ.மீ. குறுக்களவுள்ள மரத்துக்கு 3.6 மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் வேலிக் கால் நட வேண்டியிருந்தால் குழியைக் கையால் தோண்டுங்கள். தடித்த வேர் தட்டுப்பட்டால் காலைச் சற்றுத் தள்ளி நடுங்கள்.

படி 3: எதைத் தடுக்கப் போகிறீர்கள்?

பார்வை, ஓசை, வெளிச்சம், தூசி, ஆள் நடமாட்டம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஓசையைப் பற்றித்தான் மிகுதியான தவறான நம்பிக்கை இருக்கிறது. ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் குறையும் என்று விற்பனையாளர்கள் முதல் வடிவமைப்பாளர்கள் வரை சொல்வார்கள். ஊடுருவிப் பார்க்க முடியாத அடர்ந்த மரக்கூட்டம் ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் 10 டெசிபல் குறையும் என்பது நெடுஞ்சாலைத் துறையினரின் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். உங்கள் பட்டையோ ஐந்து மீட்டர். ஓசைக்கு இடைவெளியில்லாத, கனமான மதில் வேண்டும். ஒலிமூலத்துக்கும் கேட்பவருக்கும் இடையிலான நேர்க்கோட்டை மறைத்த அளவில் சுமார் 5 டெசிபல் குறையும்; அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.5 டெசிபல் அளவுக்குக் கூடுதலாகக் குறையும். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் அதன் வழியே ஓசை புகுந்துவிடும். ஜெனரேட்டரைப் பொறுத்தவரை, மதில் எழுப்புவதைவிட அதைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுவதே சிறந்தது.

வெளிச்சத்தை விளக்கிலேயே தடுங்கள்: கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் மூடிய விளக்குகள், குறைந்த உயரக் கம்பங்கள். வாகன நிறுத்தத்தில் கார்களின் முகப்பு விளக்கு பக்கத்து ஜன்னலில் அடிக்காமலிருக்க, 1.2 மீட்டர் உயர அடர்ந்த புதர்வேலி போதும். தூசிக்கு இலை உதவும். ஆள் நடமாட்டத்துக்கு வேலி.

படி 4: பார்வைக்கோட்டை வரையுங்கள்

மறைக்க வேண்டியதை மறைக்கிறோமா என்பது இந்தப் படியில்தான் தெரியும். ஆனாலும் பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தேவையானது ஒரு தாளும் அளவுகோலும் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. பட்டையின் அகலம் 5 மீட்டர். எல்லையிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பக்கத்து வீடு. எல்லையிலிருந்து உங்கள் பக்கம் 6 மீட்டரில் 4 மீட்டர் உயர லாரி நிற்கும். தரைத்தளத்தில் நிற்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில்; மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் 4.5 மீட்டர் உயரத்தில்.

எல்லையிலேயே 2 மீட்டர் உயர மறைப்பு வேலி போடுகிறீர்கள். தரையில் நிற்பவரின் கண்ணிலிருந்து வேலியின் உச்சியைத் தொட்டுப் போகும் கோடு, லாரி நிற்கும் இடத்தில் 2.3 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அதாவது லாரியின் கீழ்ப்பாதிக்கும் மேல் மறைந்துவிடுகிறது. இப்போது மாடி ஜன்னலிலிருந்து அதே கோட்டை வரையுங்கள். 4.5-இலிருந்து இறங்கி வேலியைத் தொட்டு, லாரியிடம் போகும்போது அரை மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. மாடியிலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரத்தின் அடிப்பகுதிதான் மறைகிறது!

அதே வேலியைப் பட்டையின் உள்விளிம்புக்கு, லாரியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு நகர்த்துங்கள். மாடியிலிருந்து பார்ப்பவருக்கு இப்போது 1.8 மீட்டர் மறைகிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்குச் சற்றே குறைந்து 2 மீட்டர் அளவில் நிற்கிறது. பொருளும் உயரமும் அதேதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. மறைக்க வேண்டியதை நெருங்கி நிற்கும் வேலிதான் மாடிப் பார்வைக்கு உதவும்.

மீதியை மரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையின் நடுவில் நடும் மரம் ஏறத்தாழ 4.1 மீட்டர் வளர்ந்தால் மாடியிலிருந்து லாரியின் உச்சியும் மறையும். இரண்டு மீட்டர்க் கன்று ஆண்டுக்கு அரை மீட்டர் வளர்ந்தால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதல் நாளிலிருந்து வேலியும் சில ஆண்டுகளுக்குப் பிறகு மரமும் என்று இரண்டையும் சேர்த்து யோசிப்பது இதனால்தான்.

மண்மேடு எழுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். சரிவு சரிந்து போகாமல், புல்லை வெட்டவும் வசதியாக இருக்க, ஒரு மீட்டர் உயரத்துக்குப் பக்கத்துக்கு மூன்று மீட்டர் அடி வேண்டும். 5 மீட்டர்ப் பட்டையில், உச்சியில் அரை மீட்டர் தளம் விட்டால், மேடு 75 செ.மீ.தான் உயரும். அதில் நட்ட செடிக்கு நீரும் தங்காது. குறுகிய பட்டையில் மேடு வேண்டாம்.

படி 5: வேலி

"மறைப்பு வேலி" என்று விதி கேட்டால் வலைக்கம்பி வேலி செல்லாது. அதில் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகுவதையும் பல இடங்களில் ஏற்பதில்லை. வெயிலில் அவை உதிர்ந்துவிடும். மதில், பலகை வேலி, உலோகத் தகடு ஆகியவை பொதுவாக ஏற்கப்படும். வேலியின் நல்ல முகம், அதாவது சட்டங்கள் தெரியாத பக்கம், பக்கத்து நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி.

இரு பக்கமும் தரைமட்டம் வேறாக இருந்தால், உயரம் எந்தப் பக்கத்திலிருந்து அளக்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் 2 மீட்டர் உள்ள மதில், பள்ளமான மறுபக்கத்தில் 3 மீட்டராக நின்று வரம்பை மீறியிருக்கலாம். மதிலின் அடியில் மழைநீர் வடியத் துளைகள் விடுங்கள், ஆனால் நீரைப் பக்கத்து நிலத்துக்குத் திருப்பாதீர்கள். பலகை வேலியின் காலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும்.

வேலி உள்விளிம்பிலும் செடிகள் வெளியே பக்கத்து வீட்டைப் பார்த்தும் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. அவர்கள் பார்ப்பது பச்சை, நீங்கள் பார்ப்பது வேலி. ஆனால் வேலியில் ஒரு சிறு கதவு வையுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு நீர் ஊற்றப் பக்கத்து வீட்டு வழியாகப் போய் நிற்க வேண்டும்.

படி 6: செடிகளின் கணக்கு

எண்ணிக்கை பெரும்பாலும் எல்லை நீளத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். 30 மீட்டருக்கு 4 பெரிய மரம், 6 சிறு மரம், 24 புதர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எல்லை 48 மீட்டர் என்றால் 1.6-ஆல் பெருக்க வேண்டும்: 6.4, 9.6, 38.4. பின்னங்களை மேல்நோக்கி முழுமையாக்கினால் 7, 10, 39.

இடைவெளியை விதி குறிப்பிடாவிட்டால் சமமாகப் பரப்ப வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே நெருக்கி நட்டு, வெறும் சுவருக்கு எதிரே தளர்த்துங்கள். ஒரே வரிசையைவிட, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசை நட்டால் இடுக்குகள் விரைவில் அடைபடும்.

இலை உதிரா மரங்கள் பெரும்பங்கு இருக்கட்டும். ஒரே இனத்தை வரிசையாக நடுவது அழகுதான்; ஒரு நோய் வந்தால் மொத்தப் பட்டையும் மொட்டையாகிவிடும். மர வளர்ப்பு ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமூர் 1990-இல் நகர மரங்களுக்குச் சொன்ன வரம்பு பயனுள்ளது: ஓர் இனம் 10 விழுக்காடு, ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30 இவற்றுக்கு மேல் வேண்டாம். சிறிய பட்டையில் இதை அப்படியே பின்பற்ற முடியாது; மூன்று நான்கு இனங்களாவது கலந்து நடுங்கள். வேர் ஓடிப் பரவும் மூங்கிலைத் தொடவே வேண்டாம். அது விரைவில் மறைக்கும், பிறகு எல்லையைத் தாண்டிப் போய் வழக்கைக் கொண்டுவரும்.

பட்டை சாலையைத் தொடும் மூலையில், வண்டி ஓட்டுபவரின் பார்வைக்காக ஒரு முக்கோணத்தைக் காலியாக விட வேண்டும். காரில் இருப்பவரின் கண்மட்டம் ஒரு மீட்டரைவிடச் சற்றே உயரம், ஆகவே அங்கே முக்கால் மீட்டருக்குக் குறைந்த செடிகள் மட்டும்.

படி 7: வரைபடம்

அளவு விகிதம், வடக்குக் குறி, எல்லை, வேலியின் பொருளும் உயரமும், செடிப் பட்டியல், நடும்போதுள்ள அளவு, முழு வளர்ச்சி அளவு. இவற்றோடு படி 4-இல் வரைந்த பார்வைக்கோட்டையும் இணையுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் பேச அதுதான் உதவும். விதிவிலக்கு கேட்பதாக இருந்தாலும் அதுவே வலுவான ஆதாரம்.

படி 8: நட்ட பிறகு

குழி வேர்ப்பந்தைவிட (மண்ணோடு சேர்ந்த வேர்த்திரளைவிட) இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம், ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் அளவைத் தாண்டக் கூடாது. அடிமரம் விரிந்து வேராகும் இடம் வெளியே தெரிய வேண்டும். 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மூடாக்கு போடுங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் தவறக் கூடாது. பட்டுப்போன செடிக்கு மாற்று நடுவது உங்கள் கடமை; அதற்காக முன்பணமோ உத்தரவாதமோ கேட்கும் விதிகளும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். காலியாகத் தெரியும் அந்த ஐந்து மீட்டரில் பழைய இரும்பையும் அட்டைப்பெட்டியையும் அடுக்க உங்கள் ஆட்களே தொடங்குவார்கள். முதல் பெட்டி வந்த அன்றே எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆய்வுக்கு வரும் அலுவலர் மரத்தை எண்ணுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்.